பிச்சாவரம் சேற்றையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிச்சாவரம் என்றாலே படகுச் சவாரியும் சுரபுன்னை மரங்களும்தான் பேச்சு. வேருக்கடியில் இருக்கும் கறுத்த சேற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே என்பது என் ஆதங்கம்.

அந்தச் சேற்றின் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம், கடல்நீரில் உள்ள சல்பேட் என்ற கந்தகச் சேர்மத்தை ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள். இவற்றுக்கு இரையாகும் அதே ஹைட்ரஜனுக்கும் அசிட்டேட்டுக்கும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களும் போட்டியிடுகின்றன. சல்பேட் தாராளமாக இருக்கும்வரை சல்பேட் பாக்டீரியாக்களுக்கே வெற்றி. ஆனாலும் மீத்தேன் கூட்டம் அழிந்துவிடுவதில்லை. எதிராளி அதிகம் சீண்டாத மெத்தில் அமீன் போன்றவற்றைத் தின்று பிழைத்துக்கொள்கிறது.

ஒரே இரையை நம்பிய இரண்டு இனங்கள் மாறாத சூழலில் நெடுநாள் சேர்ந்து வாழாது என்பதை ரஷ்ய உயிரியலாளர் காவுஸ் 1934இல் சோதனைகளோடு எழுதினார். பிச்சாவரமோ மாறிக்கொண்டே இருக்கும் இடம். கடலின் ஏற்றவற்றம் ஒருபக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவரும் நன்னீர் மறுபக்கம். உப்பும் சல்பேட்டும் ஏறி இறங்குவதால் ஒரே இனம் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்வது கடினம். சூழல் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இல்லாமல் அளவாகக் குலையும்போதுதான் இனங்களின் பன்மை அதிகம் என்று 1978இல் சூழலியலாளர் கானெல் சொன்னது நுண்ணுயிர்களுக்கு எப்போதும் பொருந்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் நேரடி அளவீடு தேவை.

அலையாத்திக் காடு மீட்பில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு, மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த சேற்று மாதிரிகளின் நுண்ணுயிர்ப் பன்மையையும் அரசு வெளியிட வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பக்கத்துப் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது.

– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்