நிலநடுக்கச் செய்தியில் ஆழத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலநடுக்கம் என்றால் 'ரிக்டர் அளவில் 6.2' என்று எண் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. எவ்வளவு ஆழத்தில் நிகழ்ந்தது என்பது பல சமயம் கடைசிப் பத்தியில்கூட இருப்பதில்லை. தரைமேல் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதை அந்த ஆழம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது.

1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் நிகழ்ந்ததன் அளவு 6.2. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013 மே 24 அன்று ரஷ்யாவின் கிழக்கே ஓகோட்ஸ்க் கடலுக்கு அடியில் நிகழ்ந்தது 8.3. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு கூடினால் 1,000 மடங்கு. அப்படியிருந்தும் ஓகோட்ஸ்க் அதிர்வு பெரிய சேதம் எதையும் விளைவிக்கவில்லை. மாஸ்கோ வரை உணரப்பட்டது, அவ்வளவுதான். காரணம், அது சுமார் 600 கி.மீ. ஆழத்தில் நிகழ்ந்தது. லாத்தூரிலோ பாறை பிளந்து நகர்ந்தது தரைக்குச் சில கிலோமீட்டர் கீழேதான். மேலே மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல் சுவர்கள், விடியாத நேரம், மக்கள் உறக்கத்தில் இருந்தார்கள்.

ஆழத்தை அச்சிடும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: முதலில் வரும் ஆழம் அளந்ததாக இல்லாமல் இருக்கலாம். நிலநடுக்கத்திலிருந்து பாறை வழியே முதலில் வந்துசேரும் முதன்மை அலை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் வரும், இரண்டாம் நிலை அலை 3.5 கி.மீ. வேகத்தில் பின்தொடரும். நிலநடுக்கமானியின் பதிவில் முதலில் மேல்கீழ் அசைவைக் காட்டும் கோட்டில் மெல்லிய நடுக்கம் தெரியும். சில நொடிகள் கழித்துப் பக்கவாட்டு அசைவைக் காட்டும் கோடுகளில் பெரிய வீச்சு எழும். அந்த இடைவெளி நொடிகளை எட்டால் பெருக்கினால் தொலைவு கிடைத்துவிடும்: 25 நொடி என்றால் சுமார் 200 கி.மீ. இப்படி மூன்று பதிவு நிலையங்களின் தொலைவு தெரிந்தால் மேல்மையத்தை, அதாவது அதிர்வு தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள புள்ளியை, குறித்துவிடலாம். ஆழம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. மேல்மையத்துக்கு மிக அருகில் ஒரு நிலையமாவது இல்லாவிட்டால், அதிர்வு சற்று முன்பே ஆழத்தில் தொடங்கியதா, சற்றுப் பின்பு மேலே தொடங்கியதா என்று பிரித்தறிவது கடினம். அப்போது கணிப்பவர்கள் ஆழத்தை 10 கி.மீ. என்று நிலையாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கணக்கிடுவது வழக்கம். எனவே முதல் அறிக்கையில் சரியாக '10 கி.மீ.' என்று கண்டால் அதை அளந்த எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'ரிக்டர்' என்ற சொல்லையும் விட்டுவிடலாம். அந்த அளவுகோல் 1935இல் தெற்குக் கலிஃபோர்னியாவுக்காக, ஒரு குறிப்பிட்ட கருவியின் வீச்சை வைத்து உருவானது. வேகமான, குறுகிய அலைகளையே அக்கருவி நன்றாகப் பிடிக்கும். பெரிய நிலநடுக்கங்களோ தங்கள் ஆற்றலின் பெரும்பகுதியை மெதுவான நீண்ட அலைகளில் அனுப்புகின்றன. அதனால் 7ஐ நெருங்கும்போதே அந்த எண் மேலே ஏறாமல் தேங்கிவிடும். இன்று பெரிய நிலநடுக்கங்களுக்கு ஆய்வு மையங்கள் தருவது திருப்புத்திறன் அளவு: நகர்ந்த பிளவின் பரப்பு, நகர்ந்த தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கி அதிலிருந்து பெறுவது. செய்தியில் 'அளவு 6.2' என்று மட்டும் எழுதினாலே போதும்.

இன்னொன்று, காலடி மண். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையில் 8.0 அளவு நிலநடுக்கம். 350 கி.மீ.க்கும் அப்பால் இருந்த தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நகரின் ஒரு பகுதி பழைய ஏரிப் படுகையின் களிமண்மீது நிற்கிறது. அந்தக் களிமண் இரண்டு நொடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் நீண்ட நேரம் ஆடியது. அதே தாளத்தில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. குட்டையானவையும் மிக உயர்ந்தவையும் பெரும்பாலும் தப்பின. ஆகவே சேதச் செய்தியில் மண்ணின் தன்மையையும், எத்தனை மாடிக் கட்டடங்கள் விழுந்தன என்பதையும் நிருபர்கள் கேட்டு எழுதினால் அது வெறும் எண்ணைவிடப் பயன்படும்.

கடைசியாக, எண்ணோடு அதைக் கணித்த அமைப்பின் பெயரையும் நேரத்தையும் சேர்த்துத் தாருங்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்துக்கு அந்நாட்டு வானிலை முகமை முதலில் அறிவித்தது 7.9, அன்றே 8.4, பிறகு 8.8, இரண்டு நாள் கழித்து 9.0. நூற்றுக்கணக்கான கி.மீ. நீளப் பிளவு முழுதும் நகர்ந்து முடியவே நிமிடங்கள் ஆகும்போது முதல் சில நிமிடத் தரவு முழு அளவைக் காட்டாது. இவாத்தே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீட்டர் சுனாமி அலை என்ற முதல் எச்சரிக்கை அந்த 7.9ஐ வைத்தே சொல்லப்பட்டது. வந்த அலை அதைப்போல் பல மடங்கு. உயர்த்தப்பட்ட எச்சரிக்கை, மின்சாரம் போன இடங்களில் பலரை எட்டவே இல்லை. உங்கள் இணையப் பதிப்பிலாவது, எண் மாறியதும் பழைய செய்தியின் மேலேயே திருத்திய எண்ணை நேரத்துடன் போடுங்கள்.

இப்படிக்கு,
நில அதிர்வியல் வாசகர்