ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: அந்த இரண்டு மதிப்பெண் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் விடைத்தாள் கொடுத்த பிறகு உங்களில் சிலர் என்னை நேரில் வந்து பார்த்தீர்கள். 'ரோமானியப் பேரரசு எப்போது வீழ்ந்தது?' என்ற கேள்விக்கு 476 என்று எழுதி விளக்கிய பிள்ளைகளுக்கும் இரண்டு மதிப்பெண், ஒரே ஆண்டாகச் சொல்லாமல் எழுதிய மாணவிக்கும் இரண்டு மதிப்பெண். இது எப்படிச் சரியாகும் என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். தலைமையாசிரியர் ஆவதற்கு முன் பல ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் நான். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவி எழுதியது இது: '476இல் மேற்கே பேரரசர் பதவி போனது. கிழக்கே இன்னும் ஆயிரம் ஆண்டு கிட்ட இருந்தது. எந்த ரோம் என்று சொன்னால்தான் விடை எழுத முடியும்.' நான் திருத்தியிருந்தாலும் மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

476இல் நடந்தது என்ன? அப்போது பேரரசு மேற்கு, கிழக்கு என்று இரண்டு பகுதிகளாக ஆளப்பட்டு வந்தது. இத்தாலியில் படைத்தலைவராக இருந்த ஒடவாக்கர், ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற சிறுவயதுப் பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கினார். கொல்லவில்லை, செலவுக்குப் பணம் ஒதுக்கிக் இத்தாலியிலேயே காம்பானியா என்ற பகுதிக்கு அனுப்பிவைத்தார். ரோமில் செனட் சபை அதன்பிறகும் கூடியது. கிழக்கே கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்த பேரரசு 1453 வரை நீடித்தது. அங்கிருந்தவர்கள் கடைசிவரை தங்களை ரோமானியர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அப்படியானால் விழுந்தது எது, எப்படி? பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் விரும்புவது இதைத்தான்.

எங்கள் ஆசிரியை இந்தப் பாடத்துக்கு ஒரு டம்ளர் பாலோடு வகுப்புக்குப் போனார். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து தெனாரியஸ் என்ற காசு ஏறக்குறைய முழு வெள்ளி என்று சொல்லிப் பாலைக் காட்டினார். பேரரசர் நீரோ கி.பி. 64 வாக்கில் காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தார் என்று சொல்லி, ஒரு கரண்டி பாலை எடுத்துவிட்டு ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார். பின்னால் வந்த பேரரசர்கள் படைக்குச் சம்பளம் கொடுக்க அதே வழியில் போனார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கரண்டி. கி.பி. 270ஐ நெருங்கும்போது காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. செம்பின் மேல் பூச்சு மட்டும். டம்ளரில் வெளுத்த தண்ணீர்தான் மிச்சம். 'இதை யாராவது பால் என்று வாங்குவார்களா?' என்று கேட்டபோது, வீட்டில் மாடு வைத்திருக்கும் மாணவன் ஒருவன் எழுந்து, 'அதே காசுக்கு வாங்க மாட்டாங்க மிஸ். ரெண்டு டம்ளர் கேப்பாங்க' என்றான். விலைவாசி ஏன் ஏறியது என்பதை அவனே சொல்லிவிட்டான். 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் தானியம் முதல் செருப்பு வரை உச்சவிலை நிர்ணயித்து, மீறினால் மரண தண்டனை என்றார். அப்படியும் விலை அடங்கவில்லை.

நம் கோவைப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து குவியல் குவியலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ வெள்ளியைக் குறைத்த பிறகு வந்த காசு மிகக் குறைவு. இங்கே வியாபாரம் செய்தவர்கள் கையில் வாங்கிப் பார்த்தே வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ரோம் வளர்ந்த கதையையும் பிள்ளைகளிடம் கேளுங்கள். கி.மு. 216இல் கன்னே என்ற இடத்தில், வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் படைத்தலைவர் ஹானிபலிடம் ஒரே நாளில் பல்லாயிரம் வீரர்களை இழந்தும் ரோம் எழுந்தது. அதற்கு முன்பே இத்தாலியில் தோற்ற ஊர்கள் பலவற்றைக் கூட்டாளிகளாக்கி, சிலருக்குக் குடியுரிமையும் கொடுத்திருந்தது; அவர்களில் பெரும்பாலோர் கைவிடவில்லை. பிறகு ஸ்பெயினில் பிறந்த டிராஜன் பேரரசர் ஆனார். இன்றைய லிபியாவில் பிறந்த செப்டிமியஸ் செவரஸும் ஆனார். 212இல் பேரரசில் இருந்த சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை வந்தது. அதே ரோம்தான் கி.மு. 146இல் கார்த்தேஜை எரித்து, உயிர் பிழைத்தவர்களை அடிமைகளாக விற்றது. இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம்.

ஒவ்வொரு முறை பாடம் எடுக்கும்போதும் என்னைக் கலங்கவைத்தது 376ஆம் ஆண்டு. கிழக்கிலிருந்து படையெடுத்து வந்த ஹூணர்களுக்கு அஞ்சி ஓடிவந்த கோத் என்ற ஜெர்மானிய மக்கள், டான்யூப் ஆற்றங்கரையில் நின்று அடைக்கலம் கேட்டார்கள். பேரரசர் வேலன்ஸ் அனுமதித்தார். ஆனால் உணவு கொடுக்க வேண்டிய அதிகாரிகள் அதிலும் லாபம் பார்த்தார்கள். பசியில் துடித்தவர்களுக்கு நாய் இறைச்சியைக் கொடுத்து, ஒரு நாய்க்கு ஓர் ஆள் என்று அடிமையாக எடுத்துக்கொண்டார்கள். தலைவர்களின் பிள்ளைகளும் அதில் போனார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அம்மியானஸ் இதைப் பதிவுசெய்திருக்கிறார். இரண்டே ஆண்டில், 378இல், அட்ரியானோபிள் போர்க்களத்தில் அதே கோத்துகளிடம் வேலன்ஸ் உயிரிழந்தார். அவர் படையில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. 'காட்டுமிராண்டிகள் வந்து ரோமை அழித்தார்கள்' என்ற ஒரே வரியை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் 439. வண்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய மக்கள், ரோமானியர் திரும்பக் கட்டியிருந்த கார்த்தேஜைப் பிடித்தார்கள். மேற்குப் பேரரசின் வரிப்பணத்தில் பெரும்பங்கும் ரோம் நகரத்தின் தானியமும் வட ஆப்பிரிக்காவிலிருந்துதான் வந்தன. வரி நின்றால் படைக்குச் சம்பளம் இல்லை; படை இல்லையென்றால் அடுத்த மாகாணமும் போகும், அதன் வரியும் போகும். 476 வருவதற்குள் பறிபோக அதிகம் மிச்சமில்லை. 537இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களை உடைத்தார்கள். ஒரு காலத்தில் சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் அந்த நூற்றாண்டில் சில பத்தாயிரம் பேர்தான் இருந்தார்கள். குடத்தோடு டைபர் ஆற்றுக்கு நடந்த ஒரு ரோமானியத் தாயைக் கேட்டால் எந்த ஆண்டைச் சொல்லியிருப்பாள்?

ஆகவே மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 476தான் விடை; அதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், கவலைப்பட வேண்டாம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி அரங்கில் 378, 439, 476, 537, 1453 என ஐந்து குழுக்கள், ரோம் வீழ்ந்தது தங்கள் ஆண்டில்தான் என்று வாதாடப் போகின்றன. அவசியம் வாருங்கள். சார்ட்டுக்காகக் கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளே எழுதி வரையட்டும். அவர்கள் பேசி முடித்ததும் பெற்றோர்களும் கேள்வி கேட்கலாம். ஒன்றிரண்டாவது யோசித்துக்கொண்டு வந்தால் பிள்ளைகளுக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்