மறுப்பை வைத்துக்கொண்டு கண்டனத்தை எடைக்குப் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கதை எழுதப் பழகிக்கொண்டிருக்கிறவள். ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் குடியாத்தத்தில் பஸ் ஏறி வேலூர்ப் பக்கம் ஒரு நூலகத்துக்குப் போய்ப் பழைய துண்டுப் பிரசுரங்களைப் படிக்கிறேன். சைவம், கிறிஸ்தவம், சுயமரியாதை, காங்கிரஸ் எல்லாம் ஒரே சணல் கயிற்றுக் கட்டாக பீரோ மேலே கிடக்கின்றன. எதுவும் பதிவேட்டில் இல்லை. போன வாரம் கேட்டதற்கு, "கழிவுல போகப்போகுதும்மா, வேணும்னா சாமி சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்து வைக்கலாம்" என்றார் அங்கிருந்தவர். எனக்குப் பகீரென்றது.

நடுவில் ஒரே தையல் போட்ட சின்னப் புத்தகங்கள்தான். புரட்டினால் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஆனால் ஒருவர் கண்டனம் எழுத, இன்னொருவர் மறுப்பு எழுத, மறுப்புக்கும் ஒரு மறுப்பு வர, எதிராளி சொன்னதை வரிவரியாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் பதிலுக்கே வருகிறார்கள். இப்படி இருக்கிற கட்டில் சாமியை மட்டும் எப்படிப் பிரிப்பது?

சைவ அறிஞர் ஆறுமுக நாவலரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர், 1854இல் பாதிரிமாருக்குப் பதில் சொல்லி 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார், அப்புறம் 1869இல் வள்ளலாரின் பாடல்களை எதிர்த்து 'போலியருட்பா மறுப்பு'. பகத்சிங் ஏன் நாத்திகரானார் என்று அவரே எழுதியதைத் தமிழில் கொடுத்ததற்காகப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா கைதானார். இதில் எது சமயம், எது அரசியல்?

வேலூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூயார்க் டாக்டர் ஜான் ஸ்கட்டர், நோயாளி வீட்டில் காத்திருந்த நேரத்தில் அங்கே கிடந்த ஒரு சிறு பிரசுரத்தை எடுத்துப் படித்துத்தான் மிஷனரி ஆகிறதென்று முடிவு செய்து 1819இல் இலங்கைக்குக் கப்பலேறினார். அவர் பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள், பேத்தி ஐடா ஸ்கட்டர் வேலூரில் தொடங்கியதுதான் சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை ஸ்கேன் செய்து மின்னூலகத்தில் போட்டுவருகிறது. மாவட்ட நூலகத் துறை இந்தக் கட்டைப் பிரிக்காமல் அவர்களிடம் காட்ட வேண்டும். பட்டியல் எழுத ஆள் வேண்டுமென்றால் சம்பளம் இல்லாமல் நான் வந்து எழுதித் தருகிறேன். அதுவரை கயிற்றை யாரும் அவிழ்க்க வேண்டாம்.

ஒரு வாசகி,
குடியாத்தம்