கால்வாயில கிடக்கிற உடலைப் பாத்ததும் வெட்டுக்காயம் எண்டு எழுதாதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வெள்ளவத்தை கால்வாயிலயோ பேர வாவியிலயோ ஒரு பிரேதம் மிதந்தா போதும், பிரேத பரிசோதனைக்குக் கொண்டுபோக முதலே வட்சப்பில படம் வந்திடுது, கூடவே முகத்தை வெட்டிச் சிதைச்சுப் போட்டாங்கள் எண்டு ஒரு கதையும். சில பேப்பரும் அதையே தலைப்பாப் போடுது. செத்த ஆளின்ர தாய் அதை வாசிப்பா எண்டு ஆரும் யோசிக்கிறதில்லையா?

எங்கட கால்வாய்க் கரையெல்லாம் கபரகொய்யா எண்ட பெரிய தண்ணி உடும்பு திரியுறது கொழும்பு ஆக்களுக்குத் தெரியும், கட்டாக்காலி நாய், காகம், எலி வேற. தண்ணிக்க மீனும் நண்டும் கண் இமை, உதடு, விரல் நுனி மாதிரி மெல்லிய இடத்தில கை வைக்கும். எறும்பு கடிச்ச தோல் காய்ஞ்சு மண்ணிறமாகி உரஞ்சின காயம் மாதிரி, சில நேரம் அசிட் ஊத்தின மாதிரிக்கூடத் தெரியும். உயிரோட இருக்கேக்க பட்ட காயமெண்டா சுத்திவர ரத்தம் கண்டியிருக்கும், வீங்கியிருக்கும், செத்தாப்பிறகு கடிச்சதில பொதுவா அது இராது, ஆனா தண்ணிக்க ஊறிக் கிடந்த உடம்பில அதுவும் கழுவுப்பட்டுப் போயிடும், சட்ட வைத்திய அதிகாரியே கஷ்டப்பட்டுப் பாக்கிற விஷயத்தை நாங்கள் போன் படத்தில பாத்துச் சொல்லுறம்.

உண்மையாவே கத்திக்குத்து இருந்தாலும் இதே கரைச்சல்தான். ரத்தம் வந்த புண்ணிலதான் நாய் லேசா வாய் வைக்கும், காயத்தின்ர விளிம்பு போயிடும், பிறகு என்ன ஆயுதம் எண்டு ஆர் சொல்லுறது? கழுத்தைத் தின்டா நெரிச்ச அடையாளம் போச்சு. விரல் போனா கைரேகையும் நகத்துக்க இருந்த மற்ற ஆளின்ர தோலும் போச்சு.

அமெரிக்காவில அர்கன்சா மாநிலத்தில 1993இல 8 வயசுப் பொடியன்கள் 3 பேரின்ர உடல் ஒரு வாய்க்கால்ல கிடந்தது. கனக்கக் காயம் கத்தியால வெட்டினது, சாத்தான் வழிபாட்டுக்காரர் செய்தது எண்டு சொல்லி 3 இளைஞர்களைத் தண்டிச்சினம், ஒருத்தருக்கு மரண தண்டனை. கன வருஷம் கழிச்சு தண்டனை பெற்ற ஆக்களுக்காக வந்த நிபுணர்கள் பாத்துட்டு, அந்தக் காயங்களில கனக்க செத்தாப்பிறகு மிருகம் கடிச்சது எண்டு சொல்லிச்சினம். 2011இல தான் வெளிய விட்டது, அதுவும் நிரபராதி எண்டு சொல்லி இல்லை, ஒரு சமரச ஏற்பாட்டில. 18 வருஷம் உள்ளுக்க!

அதால பொலிசிட்ட கேக்கிறது, நீதவான் வரும்வரைக்கும் உடலுக்குப் பக்கத்தில ஒரு ஆளை நிப்பாட்டி நாய், காகத்தைத் துரத்தச் சொல்லுங்கோ, ரெண்டு கையையும் கடதாசிப் பையால கட்டுங்கோ, பொலித்தீன் வேண்டாம் ஈரம் கட்டும். பேப்பர்க்காரர் பரிசோதனை முடிவு வரும்வரைக்கும் உடம்பில காயங்கள் இருந்தது எண்டு மட்டும் போடுங்கோ. உங்கட பேப்பரே இதை முதல்ல தொடங்க வேணும் எண்டு கேட்டுக்கொள்ளுறன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6