அந்த முத்திரையை எப்பங்க குத்துவீங்க?

பாதுகாப்புத் தளவாட உற்பத்தியையும் அதன் தர ஆய்வையும் கவனிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் ரெண்டு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்), ஒரு பழைய லேத், ஒரு கிரைண்டிங் மெஷின் வைத்து, கம்பெனிகள் கேட்கிற பாகங்களை ஜாப் ஒர்க்காகச் செய்கிறவன் நான். செய்த சாமானை உங்கள் தர ஆய்வாளர் வந்து அளந்து, சரி என்று முத்திரை குத்தினால்தான் அனுப்பமுடியும். அந்த ஆய்வாளர்தான் வரமாட்டேன் என்கிறார். விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. எங்களைப் போன்றவர்கள் சொல்லிச் சொல்லி உங்களுக்குக் காது புளித்திருக்கும். போன செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வருகிறார் என்று பட்டறையைக் கூட்டிக் கழுவி, டீக்கும் பன்னுக்கும் சொல்லிவைத்துக் காத்திருந்தோம். பத்தரை மணிக்கு போன் வந்தது: இன்றைக்கு வரமுடியாது, தேதி பிறகு சொல்கிறோம். இது நாலாவது தடவை.

வேலை பெரிதல்ல. ஒரு கம்பெனி கொடுத்த ஆர்டர்: போர் விமானத்தின் இறக்கைக்கடியில் ஆயுதம் மாட்டுகிற தள்ளுவண்டிக்கு அறுபது பின், அதாவது உருக்கு முளை. எந்த வண்டி, எந்த ஆயுதம் என்று சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பொதுவாகச் சொன்னால், நம் அஸ்திரா ஏவுகணை ஒன்றே 154 கிலோ. அதை நாலு பேர் தோளில் தூக்கி மாட்ட முடியாது. விமானத்துக்குக் கிடைக்கிற பேரில் கால்வாசிகூடத் தள்ளுவண்டிக்குக் கிடைப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் தேஜஸும் ரஃபேலும் வெறும் இறக்கையோடுதான் கிளம்பவேண்டும்.

பின் செய்யும் ஈஎன்24 ரக உருக்கு ராடு கோவையில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்ட மில்லின் ராடு, சான்றிதழோடு வேண்டும் என்றார்கள். நியாயம்தான். எனக்குத் தேவை 90 கிலோ. மில்காரர் 500 கிலோவுக்குக் குறைந்து தரமாட்டார். வீட்டம்மாவின் ஆறு பவுனை வைத்து வாங்கினேன். மிச்ச ராடு, அடுத்த ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில், இன்னும் லேத்துக்குப் பின்னால் கிடக்கிறது.

பின்களை முடித்து, ஆய்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் கொடுத்தது 2025 ஜூன் 9. எட்டு மாதமாகிறது. அறுபதும் எண்ணெய்க் காகிதம் சுற்றி மரப்பெட்டியில் இருக்கின்றன. மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கொரு முறை, சனிக்கிழமை சாயங்காலம், ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் போட்டுத் திரும்பச் சுற்றினோம். கடுகளவு துரு பிடித்தாலும் ரிஜெக்ட். "ஏனுங்க, இது ஏரோபிளேன் பின்னுங்களா, இல்ல ஊறுகாய்ங்களா?" என்று கேட்டான் பட்டறைப் பையன். சிரித்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த மாதம், பின்னை அளக்கும் மைக்ரோமீட்டர் சரியாக அளக்கிறது என்பதற்கான காலிபிரேஷன் சான்றிதழ் வேறு காலாவதியாகிறது.

ஆர்டர் கொடுத்த கம்பெனியைக் கேட்டால் ஆய்வாளர் வரவேண்டும் என்கிறார்கள். ஆய்வுத் தரப்பைக் கேட்டால் கம்பெனியிடமிருந்து பேப்பர் வரவில்லை என்கிறார்கள். சிறு தொழில்காரர்களுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறதுங்க. ஆனால் அந்த 45 நாள் சரக்கு போய்ச் சேர்ந்து, ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். முத்திரை குத்தாமல் சரக்கு பட்டறை வாசலையே தாண்டாது. ஆய்வாளர் வராதவரை எனக்கு முதல் நாளே பிறக்கவில்லை. நகைக்கடன் வட்டிக்கு மட்டும் மாதா மாதம் தேதி பிறக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான்: ஆய்வுக்கு அழைத்த பதினைந்து நாளில் ஆள் வரவேண்டும். வராவிட்டால் பதினாறாம் நாளிலிருந்து அந்த 45 நாள் ஓடட்டும்.

நாடு அவசரத்தில் இல்லை என்றால் சரி, காத்திருக்கலாம். ஆனால் 2025 செப்டம்பர் 26 அன்று பழைய மிக்-21 போர் விமானத்துக்கு விடைகொடுத்தபோது, 42 போர் விமானப் படைப்பிரிவுகள் இருக்கவேண்டிய விமானப்படையில் 29தான் மிஞ்சின என்று பேப்பரில் படித்தேன். அதற்கு முந்தின நாள்தான் 97 தேஜஸ் மார்க் 1ஏ-வுக்கு 62,370 கோடி ரூபாயில் ஒப்பந்தம். அதற்கு முன்பே ஆர்டர் கொடுத்த 83 தேஜஸ் விமானங்களுக்காக 2021இல் சொல்லிவைத்த 99 அமெரிக்க என்ஜின்களில் முதலாவது வந்ததே 2025 மார்ச்சில்தான். அதற்கெல்லாம் பொறுமையாக இருந்தீர்கள். நான் ஒரு வாரம் பிந்தினால் அரை சதவீதம் பிடிப்பதாக என் ஆர்டரில் எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் பிறக்காதது என் தப்புத்தான்.

பாதுகாப்புத் தளவாடத் தொழில்களை வளர்க்கும் தமிழ்நாட்டு வழித்தடத்தை, கோவையையும் சேர்த்து, 2019இல் தொடங்கிவைத்தபோது நாங்களும் கைதட்டினோம். அதற்கப்புறம் எத்தனை கருத்தரங்கு! போகிற இடமெல்லாம் பொன்னாடை, ஒரு ஃபைல், மத்தியானம் பிரியாணி. நாலு பொன்னாடை சேர்ந்துவிட்டது. பின்னைத் துடைக்க உதவுமா என்று பார்த்தேன், சரிகை கீறல் போடுகிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து தேஜஸ் கிளம்பும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிறவன்தான் நான். பின்னில் குறை இருந்தால் தாராளமாக ரிஜெக்ட் செய்யுங்கள், ஒரு வார்த்தை பேசமாட்டேன். வந்து அளந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பதினைந்து நாள் கெடு ஒன்றை மட்டும் எழுத்தில் கொடுங்கள்.

முந்தின நாள் ஒரு போன் போதும். ரயில்வே ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு பட்டறைக்காரன்,
கணபதி, கோயம்புத்தூர்.