அகழ்வாரைத் தாங்காத நிலம்

அன்புள்ள முருகேசா,

இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரன் பிறந்த செய்தியை உன் மைத்துனர் சொல்லித்தான் அறிந்தேன். நீயே சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. போன ஆடியில் நீ எழுதிய கடிதத்துக்கு இந்த மாசி வரை பதில் போடாதவன் நான். மூட்டுவலி, மழை, வருமானவரிக் கணக்கு என்று எத்தனையோ சாக்குச் சொல்லலாம். உண்மையான காரணம் கோபம். "அண்ணனை மன்னித்துவிடு, உன் மனம் லேசாகும்" என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த வரியோடு கடிதத்தை மடித்துப் பீரோவுக்குள் வைத்தவன் பிறகு அதை எடுக்கவே இல்லை. வீடு அவருக்கு, லேசான மனம் எனக்கு என்று பாகம் பிரித்துக் கொடுக்க வந்துவிட்டாயே என்று அவரைவிட உன்மேல்தான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம். நீ சிரித்து முடி, காத்திருக்கிறேன்.

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த மகள், "இரண்டேகால் மணி நேரம் குறுக்கே பேசாமல் உட்காருங்கள் அப்பா" என்று சொல்லி மடிக்கணினியை முன்னால் வைத்தாள். படத்தின் பெயர் 'இளவரசி மோனோனோகே'. ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கியது. ஸ்டூடியோ ஜிப்லி என்ற நிறுவனம் தயாரித்து 1997 ஜூலையில் வெளிவந்தது. ஜப்பானில் அதுவரை எந்தப் படமும் எட்டாத வசூலை அது எட்டியது என்றும், பின்னாலேயே வந்த டைட்டானிக் அதையும் தாண்டிவிட்டது என்றும் மகள் சொன்னாள். டைட்டானிக்கை இரண்டு முறை பார்த்து இரண்டு முறையும் அழுதவன் நீ என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. ஏறக்குறைய 1,44,000 படத்தாள்கள் தீட்டப்பட்டதில் 80,000 தாள்களை மியாசாகி தாமே திருத்தினார் என்று சொல்கிறார்கள். ஒரு வருஷக் கணக்கைச் சரிபார்த்ததற்கே எனக்குக் கண்ணாடியின் பவர் ஏறியது. அந்த மனிதரின் கண்ணை நினைத்துப் பார்.

கதை முரோமாச்சிக் காலத்தில், ஏறத்தாழ ஐந்தாறு நூற்றாண்டுகளுக்கு முன் நடக்கிறது. எமிஷி என்ற பழங்குடியின் கடைசி இளவரசன் அஷிடாகா. யமட்டோ அரசிடம் தோற்று ஒதுங்கிய மக்களின் வழியில் வந்தவன். அவனுடைய ஊருக்குள் ஒரு ராட்சதக் காட்டுப்பன்றி வெறிகொண்டு பாய்ந்து வருகிறது. அதன் உடல் முழுவதும் கருஞ்சிவப்புப் புழுக்கள் நெளிகின்றன. அது மிதித்த இடமெல்லாம் புல் கருகுகிறது. ஊரைக் காப்பாற்ற அம்பெய்து அதை வீழ்த்துகிறான் அஷிடாகா. ஆனால் அதற்குள் அந்தப் புழுக்கள் அவனுடைய வலது கையைச் சுற்றிக்கொண்டுவிடுகின்றன. தணல் பட்டதுபோல் கை வெந்து, சாபம் எலும்புவரை இறங்குகிறது. அந்தப் பன்றியின் உடலுக்குள் ஓர் இரும்புக் குண்டு கிடக்கிறது. நாகோ என்ற பன்றித் தெய்வம் அது. யாரோ சுட்ட குண்டின் வலியில் வெறுப்பு மூண்டு பேயாகிப்போனது. ஜப்பானியர் அதற்கு 'ததாரிகாமி' என்கிறார்கள். நம் ஊரில் தெய்வக்குத்தம் என்கிறோமே, அந்தக் குத்தமே உருவெடுத்துக் கால் முளைத்து ஓடிவந்தால் எப்படியிருக்கும், அதுதான்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்து வந்த காட்சி. ஊரின் மூத்த பூசாரிக் கிழவி சாகக்கிடக்கும் பன்றியின் முன்னால் மண்டியிட்டு, இந்த மண்ணிலேயே உமக்கு மேடு எழுப்பி வழிபடுகிறோம், பகையை மறந்து அமைதியடையும் என்று வேண்டுகிறாள். அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்டுப் பொங்கல் வைத்து அமர்த்துவது உனக்கும் எனக்கும் புதிதா என்ன? உங்கள் ஊர் எல்லையில் இருக்கும் பீடமும் அப்படி எழுந்ததுதானே. நம் கதைகளில் படையல் வைத்தால் தெய்வம் இறங்கி வரும். இந்தப் பன்றியோ, அருவருப்பான மனிதர்களே, என் வேதனையையும் வெறுப்பையும் நீங்களும் அறிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, தசை உருகி எலும்பாகச் சரிகிறது. அவர்கள் ஒரு பிழையும் செய்யாதவர்கள். குண்டைச் சுட்டவள் எங்கோ மேற்கே இருக்கிறாள். கும்பிட்ட கைக்கும் மன்னிப்பு இல்லை. எனக்கு அந்தப் பன்றியைப் பிடித்துப்போயிற்று என்று சொன்னால் நீ வருத்தப்படுவாய். ஆனால் உன் கடிதம் கிடைத்த நாளில் நான் இருந்த நிலைமை ஏறக்குறைய அதுதான்.

அஷிடாகா குடுமியை அறுத்துவிட்டு, யாக்குல் என்ற செம்மானில் ஏறி, இரவோடு இரவாக ஊரை விட்டுப் போகிறான். வழியனுப்பக்கூட யாரும் வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். போகும் வழியில் ஊரைச் சூறையாடும் சாமுராய்களைத் தடுக்க அம்பு விடுகிறான், ஒரே அம்பில் எதிரியின் இரண்டு கைகளும் அறுந்து விழுகின்றன. சாபம் பிடித்த கை அசுர பலம் பெற்றிருக்கிறது. இந்த இடத்தை யோசித்துப் பார். பகை பலவீனமாக்கும் என்றுதான் நீதிக்கதைகள் சொல்கின்றன, அது பொய். பாகப்பிரிவினைக்குப் பிறகு வந்த முதல் மூன்று வருஷங்களில் நான் எவ்வளவு உழைத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பது உனக்குத் தெரியும். அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

மேற்கே குண்டைச் சுட்டவள் எபோஷி. காட்டை வெட்டிக் கரியாக்கி, மலையைக் குடைந்து இரும்பு மணல் எடுத்து உருக்கும் ஊரின் தலைவி. இவளைக் கொடுமைக்காரியாகக் காட்டியிருந்தால் நான் பாதியில் எழுந்து மாத்திரை போடப் போயிருப்பேன். விபசார விடுதிகளுக்கு விற்கப்பட்ட பெண்களைப் பணம் கொடுத்து மீட்டு வந்து உலையில் வேலை கொடுத்திருக்கிறாள். பெண்பிள்ளை வந்தால் இரும்பு தீட்டாகும் என்று முணுமுணுக்கும் ஆண்களை அங்கே யாரும் சட்டை செய்வதில்லை. அந்தப் பெண்கள் பெரிய துருத்தியைக் காலால் மிதிக்கிறார்கள். நான்கு பகலும் ஐந்து இரவும் நெருப்பு அணையாமல் மிதிக்க வேண்டும். அஷிடாகாவும் அவர்களோடு ஏறி நின்று ஒரு முறை மிதிக்கிறான், அவர்கள் கிண்டல் செய்கிறார்கள். உன் அத்தை வீட்டு உலக்கையை நீ தூக்கப்போய் விழுந்தது எனக்கு நினைவு வந்தது.

ஊரின் ஓர் ஓரத்தில் எபோஷியின் தோட்டம் இருக்கிறது. அதற்குள் தொழுநோயாளிகள், உடம்பெல்லாம் துணி சுற்றியபடி, அவளுக்காகப் புதிய துப்பாக்கி செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கேதான் அஷிடாகாவுக்குப் பன்றியைச் சுட்டது இவள்தான் என்பது உறுதியாகிறது. அவனுடைய வலது கை தானாக வாளின் பிடியைப் பற்றுகிறது; இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உன் வலது கை என்னைக் கொல்லத் துடிக்கிறதா என்று எபோஷி பதற்றமில்லாமல் கேட்கிறாள். கொன்றால் சாபம் தீரும் என்றால் நானும் அதைச் செய்வேன், ஆனால் இந்தக் கை உன்னைக் கொல்வதோடு நிற்காது என்கிறான் அவன். அப்போது, படுக்கையில் முகம் முழுவதும் கட்டுப் போட்டபடி கிடக்கும் ஒரு கிழவர் பேசத் தொடங்குகிறார். தம்மை மனிதராக நடத்தியவள் இவள் ஒருத்திதான் என்றும், தம்முடைய அழுகிய சதையைக் கழுவிக் கட்டுப்போட்டவள் என்றும், ஆகவே கொல்லாதே என்றும் கெஞ்சுகிறார். உலகத்தைச் சபித்து, மனிதரைச் சபித்து, அப்படியும் வாழத்தான் ஆசையாக இருக்கிறது என்று அவர் சொல்லும்போது மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மியாசாகியின் வீடு இருக்கும் பகுதிக்கு அருகே தமா ஜென்ஷோஎன் என்ற தொழுநோய்க் காப்பகம் உண்டு. படத்தைப் பற்றிய யோசனையில் இருந்த நாட்களில் அவர் அங்கே போய்வந்திருக்கிறார். தொழுநோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து அடைத்துவைக்கும் சட்டத்தை ஜப்பான் 1996-இல்தான் நீக்கியது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று நாம் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிழவர், படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்புவரை சட்டப்படி ஒதுக்கப்பட்டவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியை மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

காட்டின் பக்கத்தில் சான் இருக்கிறாள், படத்தின் பெயரில் இருக்கும் இளவரசி. காட்டை அழிக்க வந்தவர்கள் மோரோ என்ற ஓநாய்த் தெய்வத்திடமிருந்து தப்பிக்கத் தங்கள் கைக்குழந்தையை அதன் முன்னால் எறிந்துவிட்டு ஓடினார்கள். மோரோ அந்தக் குழந்தையைத் தன் மகளாக வளர்த்தது. யோசித்துப் பார், மன்னிக்கச் சொல்லி அவளிடம் எவன் போய் நிற்பான்? அஷிடாகாகூடக் கேட்கவில்லை. குண்டடிபட்டு மெல்லக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும் அவனுக்கு அவள் காய்ந்த இறைச்சியைத் தன் பல்லால் மென்று வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறாள். அவன் கண்ணோரம் நீர் வழிகிறது. காதல் காட்சி என்று நீ துள்ளாதே, தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுவது மாதிரிதான் இருந்தது.

நம் தாடி ஐயா நூறு முறை எழுதச் சொன்ன குறள் நினைவிருக்கிறதா? 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல'. உன் பங்கில் அறுபதை நான்தான் எழுதிக் கொடுத்தேன், அந்தக் கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது. தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்கும் நிலத்தைப் போல இகழ்வாரைப் பொறுக்க வேண்டும் என்று அன்றைக்கு விரல் நோக எழுதினோம். இந்தப் படத்தில் அந்த நிலம் தாங்க மறுக்கிறது. பகலில் மனித முகம் கொண்ட மான் போல உலவும் ஒரு தெய்வம் அந்தக் காட்டில் இருக்கிறது. அது காலெடுத்து வைக்கும் இடத்தில் செடிகள் முளைத்துப் பூக்கின்றன, காலை எடுத்ததும் வாடிச் சாய்கின்றன. எபோஷி அதன் தலையைச் சுட்டு அறுக்கிறாள். தலையிழந்த தெய்வம் கருங்குழம்பாகப் பெருகி, வெட்டியவன் வெட்டாதவன் என்று பார்க்காமல் காட்டையும் உலையையும் சேர்த்து விழுங்குகிறது. ஐயா இருந்திருந்தால் இதற்கு என்ன உரை சொல்லியிருப்பார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

அதே நேரத்தில் மோரோவின் உடலிலிருந்து கழன்ற தலை துள்ளி வந்து எபோஷியின் ஒரு கையைக் கவ்விப் பிய்த்துவிடுகிறது. அவளைக் கொன்றே தீருவேன் என்று வரும் சானை, மோரோ பழி தீர்த்துக்கொண்டது, இவள் தண்டனை பெற்றாயிற்று என்று அஷிடாகா தடுக்கிறான். அவள் ஏற்கவில்லை. நீயும் மனிதர்கள் பக்கம்தான் என்று கத்தி, அவன் தந்த பளிங்குக் கத்தியாலேயே அவன் மார்பில் குத்துகிறாள். குத்துப்பட்டவன் அவளை அணைத்துக்கொள்கிறான். பிறகு இருவருமாக அந்தத் தலையைக் கைகளில் ஏந்தித் தெய்வத்திடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். விடிகிறது, தெய்வம் விழுகிறது, கரிந்த மலைமேல் புல் படர்கிறது. இந்தப் பகுதி எனக்குச் சற்று அவசரமாகத்தான் பட்டது. அவ்வளவு சாவுக்குப் பிறகு பச்சை அவ்வளவு சீக்கிரம் வரலாமா என்று மகளிடம் சண்டை போட்டேன். எபோஷி கடைசிவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதும் உறுத்துகிறது. நல்ல ஊராக மறுபடி கட்டுவோம் என்கிறாள், அவ்வளவே.

ஆனால் கடைசிக் காட்சிக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கலாம். உன்னைப் பிடித்திருக்கிறது, ஆனால் மனிதர்களை என்னால் மன்னிக்க முடியாது என்று சான் சொல்கிறாள். அப்படியே இருக்கட்டும், நீ காட்டில் இரு, நான் உலைக்களத்து ஊரில் இருக்கிறேன், யாக்குலில் ஏறி உன்னைப் பார்க்க வருவேன் என்கிறான் அஷிடாகா. நம் படமாக இருந்தால் காலில் விழுந்து, கட்டிப்பிடித்து, குடும்பப் படம் எடுத்துத்தான் விளக்குப் போடுவார்கள். இவன் அவளுடைய மனத்தைத் திருத்த ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய உள்ளங்கையிலும் வடு மங்கலாகத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. முருகேசா, நீ எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வழி இருப்பதாக எழுதியிருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன்.

தை கடைசியில் அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியேறினேன். ஊஞ்சல் இல்லை, உத்தரத்தில் கொக்கி மட்டும் இருக்கிறது. அவர் வீட்டைப் பற்றிப் பேசவில்லை, எபோஷியைப் போலவே மன்னிப்பும் கேட்கவில்லை. நானும் உன் வார்த்தையைச் சொல்லவில்லை. குனிய முடியாததால் அவருடைய கால் நகங்கள் வளைந்து வளர்ந்திருந்தன. பழைய செய்தித்தாளை விரித்து, காலை என் மடியில் வைத்து வெட்டிவிட்டேன். கட்டைவிரல் நகம் அப்பாவுக்கு இருந்தது போலவே தடித்திருந்தது, மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. காபி கொடுத்தார்கள், குடித்தேன். வெளியே வந்ததும் கோபம் வாசலில் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. மனம் ஒரு குன்றிமணியளவும் லேசாகவில்லை என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று வியாழக்கிழமைகள் போய்வந்துவிட்டேன். அடுத்த வியாழன் தையல் பார்க்க அவரை அழைத்துப்போகும் முறை என்னுடையது. மகள் என் பழைய ஸ்கூட்டருக்கு யாக்குல் என்று பெயர் வைத்துவிட்டாள். நேற்று போனில், "யாக்குலுக்குத் தீனி போட்டீர்களா" என்று கேட்கிறாள். பெட்ரோல் விற்கும் விலையில் செம்மானே மேல்.

பேரனின் படத்தை அனுப்பு. முழங்கால் எண்ணெயை மறக்காமல் தேய். அறுபது குறள் பாக்கி இருக்கிறது.

உன்,
ராமு