படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்லிக் கொடுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாதம் வந்தால் சேலத்து வெயில் தாங்காமல், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் பார்த்தாலும், ஏரியில் படகு சவாரி போகாமல் பிள்ளைகள் கீழே இறங்க விடமாட்டார்கள். மரங்கள் சூழ்ந்த அந்த ஏரியின் அழகு அப்படி. அந்தச் சந்தோஷம் எல்லாருக்கும் ஆபத்தில்லாமல் கிடைக்க வேண்டும் என்றுதான், தண்ணீரில் கவனமாக இருப்பது பற்றி இதை எழுதுகிறேன்.

லைஃப் ஜாக்கெட்டைப் பலர் பேருக்குத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கரையை விட்டு நகர்ந்ததும் போட்டோவுக்காகக் கொக்கியைக் கழற்றிவிடுகிறார்கள். பெரியவர் அளவு ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால், தண்ணீரில் அது மேலே ஏறி, பிள்ளை அடியில் நழுவிவிடும். போட்டபின் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது காது வரை வந்தால் அளவு சரியில்லை, வேறு கேட்டு வாங்குங்கள். செல்ஃபிக்காக எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதும் ஆபத்து.

குளிக்கப் போகும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவிக்குப் போகிறது. நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம், மேலே பெய்த மழையில் அருவி திடீரென்று பெருகும். பூலாம்பட்டியில் காவிரி குளம்போல அசையாமல் தெரியும். ஆழம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

முன்பெல்லாம் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி, மாமாவோ சித்தப்பாவோ நீச்சல் பழக்கிவிடுவார்கள். இப்போது கிணறுகள் வற்றியும் தூர்ந்தும் கிடக்கின்றன. பிள்ளைகளுக்குத் தண்ணீர்மேல் ஆசை இருக்கிறது, பழக்கம் இல்லை.

மூழ்குகிறவர் கத்திக் கூப்பிடுவார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கைகள் தண்ணீரை அழுத்தும். பக்கத்தில் இருப்பவருக்கு விளையாடுவதுபோலத் தெரியும். பதறிக் குதித்தால் அவர் நம்மையும் கட்டிப் பிடித்து அமுக்கிவிடுவார். கயிறு, சேலை, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் என எது கிடைத்தாலும் வீசுங்கள். கரைக்குக் கொண்டுவந்த பிறகு தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லை என்றால் வாயில் காற்று ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

இதையெல்லாம் தீயணைப்பு வீரர்கள் மழைக்காலத்துக்கு முன்பு ஊர் ஊராக, காலி கேன், வாழைத்தண்டு வைத்து அருமையாகச் செய்து காட்டுகிறார்கள். அதையே கோடை விடுமுறையில், படகு டிக்கெட்டுக்கு மக்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் ஏற்காடு ஏரிக்கரையிலும், ஆடி 18-க்கு முன்பு மேட்டூர், பூலாம்பட்டி படித்துறைகளிலும் நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். பத்து நிமிடம் போதும். எப்படியும் காத்திருக்கத்தான் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.